வெதுவெதுப்பான சுவர்

எங்கள் தெருவில் அதுவரைக்கும் யாரும் மலையில் வீடு பிடித்து ஓய்வெடுக்கப் போனதில்லை. போடியில் இருந்துகொண்டு மலையைத் தினமும் பார்ப்போம், அவ்வளவுதான். மேலே போகிறவர்கள் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், இல்லையென்றால் தோட்டம் வைத்திருக்கிறவர்கள். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். எங்களுக்கு அங்கே என்ன சோலி? அடுத்த வீட்டுக்காரி வாய்விட்டே கேட்டுவிட்டாள்: "என்ன, தொரைசாணி மாதிரி காத்து வாங்கக் கெளம்பிட்டீகளாக்கும்?"

காற்று வாங்கத்தான் போனோம், ஆனால் ஆசைப்பட்டுப் போகவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள், மூன்று வயது, விஷக்காய்ச்சலில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து பிழைத்திருந்தாள். காய்ச்சல் விட்டும் சோறு இறங்கவில்லை. தூக்கினால் கையில் கனமே தெரியாது. "ரெண்டு வாரம் மலைக்காத்துல வச்சிருங்க, பசி தன்னால வரும்" என்றார் டாக்டர். அதைக் கேட்டு இவர் முகம் மலர்ந்தது. நான் வேறு வழி இல்லையா என்று கேட்டேன்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நான் பெரிய பயந்தாங்கொள்ளி. தேவாரத்தில் பிறந்தவள். கொல்லைக்குள் ஆனை இறங்கிவிட்டது என்று தகரம் தட்டுகிற சத்தத்திலேயே வளர்ந்தவள். மலை என்றால் எனக்கு ஆனையும் அட்டையும் பாம்பும் குளிரும்தான். அதிலும் பிழைத்து வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் மறுபடியும் காய்ச்சலை வாங்கி வந்துவிடுவோமோ என்ற நினைப்பு என்னை இரண்டு நாள் சாப்பிடவிடவில்லை. இவரோ மப்ளர் தேடிக்கொண்டிருந்தார்.

கார்த்திகை மாதம். தோட்ட ஆட்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் மகளை நான் இறுக்கிப் பிடித்ததில் அவள் கை சிவந்துபோய், "அம்மா, விடும்மா" என்று அழுதாள். நான் விடவில்லை.

இவருக்குத் தெரிந்த தோட்ட முதலாளி ஒருவர், போடிமெட்டுக்குப் பக்கத்தில் தன்னிடம் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, பார்த்துப் பிடித்ததில் தங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். முதலில் பார்த்தது மேட்டு உச்சியில் ஒரு சின்ன பங்களா. மூன்று பக்கமும் கண்ணாடி ஜன்னல். அங்கே நின்றால் கீழே போடி, அதற்கப்பால் கண்மாய், வயல், ரயில் பாதை எல்லாம் தெரிந்தது. இவர் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. "அங்க பாரு, நம்ம பள்ளிக்கூட ஓடு தெரியுது" என்றார். எனக்குப் பள்ளிக்கூடம் தெரியவில்லை. முற்றத்துக்கு இரண்டு எட்டு தள்ளி மலை செங்குத்தாக இறங்குவது தெரிந்தது. கண்ணாடிச் சந்துகளில் காற்று ஊளையிடுவது கேட்டது. வாசலுக்குப் பக்கத்தில் காய்ந்துபோன ஆனை லத்தியும் கிடந்தது.

"இங்க ஒரு நிமிசம் இருக்க மாட்டேன்" என்றேன்.

இரண்டாவது இடம் கீழே பள்ளத்தில், ஸ்டோரை ஒட்டி ஒரே ஒரு அறை. ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். ஒரு ஓரத்தில் பெரிய அடுப்பு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய்கள் வழியாக உள்ளே ஓடி, மேலே தட்டுகளில் பரப்பிய பச்சைக் காயை உலர்த்தும். ஸ்டோரின் சுவர்தான் எங்கள் அறைக்கும் சுவர். உள்ளே நுழைந்து அதில் கையை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. அந்தக் குளிரில் அதைத் தொட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சுற்றிலும் ஆள் நடமாட்டம் உண்டு. அறையெல்லாம் ஏலக்காய் வாசனை. இதைவிட என்ன வேண்டும்?

"இங்கேருந்து என்ன தெரியும்? செவுருதான் தெரியும்" என்றார் இவர்.

"செவுரு தெரிஞ்சாப் போதும்."

வாத்தியாருக்கு அதற்குமேல் என்னிடம் வாதம் செல்லாது. பெட்டியை இறக்கினார்.

முதல் சோலியாக அறையை அடைத்தேன். கூரைக்குக் கீழே வெளிப்பக்கச் சுவரில் கையகலத்தில் மூன்று ஓட்டைகள் இருந்தன. பாம்பு வர அது போதாதா? கிழிந்த சேலையையும் சாக்கையும் சுருட்டி மூன்றிலும் திணித்தேன். ஜன்னல் கதவின் இடுக்கிலும் துணி வைத்தேன். ஸ்டோரில் வேலை செய்கிற பெண்ணொருத்தி எங்களுக்குப் பாலும் வெந்நீரும் கொண்டுவந்து கொடுப்பாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன ஆத்தா, வீட்டோட மூக்கையெல்லாம் அடைச்சிட்ட? அது மூச்சு விட வேணாமா?" என்று முக்காலியில் ஏறி ஒரு துணியை உருவிப் போட்டாள். "காத்து வரட்டும். காத்துக்குத்தானே வந்திருக்கீக."

அவள் போன பிறகு அந்தத் துணியை எடுத்து முன்னைவிட இறுக்கமாகத் திணித்தேன். பிள்ளையைக் காப்பாற்றுவது எப்படி என்று எனக்கு இவள் சொல்லித் தரவேண்டுமா என்று கோபம்கூட வந்தது.

இரண்டு நாள் நன்றாகவே போனது. ஸ்டோரில் அடுப்பு லேசாகத்தான் எரிந்தது. மகள் அரை இட்லி கூடுதலாகத் தின்றாள். மூன்றாம் நாள் காலையில் பச்சைக் காய் பெரிய லோடாக வந்து இறங்கி, அடுப்பில் கட்டை கட்டையாக விறகைத் தள்ளினார்கள். வெளியே மழை, மூடுபனி, எதிரே நிற்கும் மரம் தெரியவில்லை. இவர் குடையை எடுத்துக்கொண்டு, "நீ செவுரைப் பாத்துக்கிட்டு இரு, நான் மலையைப் பாத்துட்டு வெரசா வர்றேன்" என்று கேலி செய்துவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, மகளை அந்தச் சுவரோடு ஒட்டிப் படுக்க வைத்தேன். சுவர் அன்று நல்ல சூடு. அவள் உடனே தூங்கிப்போனாள்.

மதியம் நெருங்கும்போது எனக்குத் தலை வலித்தது. மழைக்கு வலிக்கிறது என்று தைலம் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் குமட்டியது. மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. முகம் சிவந்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. காய்ச்சல் திரும்பிவிட்டது, நான் பயந்தபடியே நடந்துவிட்டது என்று நினைத்தேன். குளிர் உள்ளே வருகிறதோ என்று ஜன்னல் இடுக்கைத் தடவிப் பார்த்துத் துணியை இன்னும் அழுத்தினேன். கம்பளியை எடுத்து அவளைக் கழுத்துவரை சுற்றினேன். சுவரோடு இன்னும் நெருக்கிப் போட்டேன். ஒவ்வொன்றாக, நிதானமாக, என் கையாலேயே செய்தேன்.

"எந்திரிடா கண்ணு, ஒரு வாய் பால் குடி" என்று உலுக்கினேன். எழுந்திருக்கவில்லை. கன்னத்தைத் தட்டினேன். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது மட்டும்தான் புத்தியில் இருந்தது. எழுந்தால் கால் எனக்குச் சொந்தமாக இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கதவுவரை வந்தேன். தாழை விலக்கியது ஞாபகம் இருக்கிறது. வாசற்படியில் விழுந்தது ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது மழை முகத்தில் அடித்தது. பால் கொண்டுவருகிற அந்தப் பெண் எங்கள் இருவரையும் புல்லில் இழுத்துப் போட்டிருந்தாள். மகளின் மேலிருந்த கம்பளியையும் சட்டையையும் உருவி எறிந்துவிட்டு, வெறும் உடம்போடு மழையில் கிடத்தி, முகத்தில் தண்ணீரை அடித்து, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல்காரப் பிள்ளை, கார்த்திகை மழையில். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் பலம் வந்ததோ தெரியவில்லை. பாய்ந்து மகளைப் பிடுங்கிக்கொண்டு அறையைப் பார்த்து ஓடினேன். அவள் முந்திப்போய் வாசலில் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி மறித்து நின்றாள்.

"உள்ள போகாத ஆத்தா. அங்க காத்து கெட்டுக் கெடக்கு."

"வழிய விடுடி. எம் பிள்ள குளுருல செத்துப்போகும்."

"விட மாட்டேன்."

தோளால் இடித்தேன். கையைக் கடித்தேன். அவள் அசையவில்லை. "நீயெல்லாம் புள்ள பெத்தவளாடி?" என்று கத்தினேன். அவள் என் கையிலிருந்து மகளை வாங்கித் திரும்பப் புல்லில் கிடத்திவிட்டு, நான் எழுந்திருக்க முடியாதபடி என் முந்தானையின் மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டாள். அடுப்பு எரிக்கிறவர்கள் ஓடி வந்து ஜன்னலை உடைத்துத் திறந்தார்கள். நான் மண்ணில் கிடந்து ஊரில் உள்ள சாமியையெல்லாம் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மகள் ஒருமுறை வாந்தி எடுத்தாள். பிறகு இருமினாள். பிறகு, "அம்மா, குளுருது" என்றாள்.

சுவருக்கு அந்தப்பக்கம் குழாய் திரும்புகிற இடத்தில் இணைப்பு விட்டுப்போயிருந்தது. அடுப்பின் கெட்ட காற்று சுவர் வெடிப்பு வழியாக எங்கள் அறைக்குள் வந்து, போக வழியில்லாமல் நிறைந்திருக்கிறது. ஏலக்காய் வாசனையில் எனக்குப் புகை வாடையே தெரியவில்லை. அந்த மூன்று ஓட்டைகள் திறந்திருந்தால் தலைவலியோடு போயிருக்கும் என்றார்கள். ஆனையைச் சொன்னேன், பாம்பைச் சொன்னேன், பள்ளத்தைச் சொன்னேன். என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது நான்தான்.

இவர் இன்னும் திரும்பி வந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த தகரக் கொட்டகையில் எங்களை உட்கார வைத்து, உலர்ந்த சேலை கொடுத்து, கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தாள் அவள். கடித்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. உள்ளே நடந்தது என்னவென்று அவளுக்கு எப்படி உடனே தெரிந்தது என்று கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எனக்கும் ஒரு மகள் இருந்தா. இதே மாதிரி மழை. குளுருதுன்னு அழுதா. கரிநெருப்புச் சட்டிய உள்ள வச்சுக் கதவைச் சாத்துனேன். மயங்கிக் கெடந்தவள வெளிய கொண்டாரணும்னு எனக்குத் தெரியல. இன்னும் நல்லாப் போத்திவிட்டேன்."

நான் கத்தினது அப்போது எனக்குள்ளேயே திரும்பக் கேட்டது. அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை.

"கொஞ்சம் நான் வச்சிருக்கட்டுமா?" என்று அவளே கேட்டாள். மகளைக் கொடுத்தேன். மகள் அவள் மடியில் சுருண்டு படுத்துக் கண்ணை மூடினாள். உடனே, மூச்சு வருகிறதா என்று பார்க்க, மூக்கருகே விரலை நீட்டினேன். அவள் விரல் ஏற்கெனவே அங்கே இருந்தது.