ஹலீனா: கேட்டுவிட்டுக் காத்திருந்தவர்

போன மாதம் ஒரு மத்தியானம், அம்மா குசினியில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்த நேரம், போலந்திலிருந்து என் தம்பி அன்ரன் அழைத்தான். எடுத்த உடனே “அக்கா, என்ன சமையல்?” என்று கேட்பவன், அன்று அதைக் கேட்கவில்லை. “அக்கா, அம்மா எங்களை விட்டிட்டுப் போயிட்டா” என்றான்.

“உனக்கென்ன விசரே? அம்மா குசினிக்குள்ள நிக்கிறா. எந்த அம்மாவடா?”

“இங்கத்தை அம்மா. ஹலீனா அம்மா. விடியப்புறம், ஆஸ்பத்திரியில…” குசினியிலிருந்து எங்கள் அம்மா அகப்பையோடு வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கதிரையில் இருந்துவிட்டார். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துப் போயிற்று.

நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் ஹலீனாவைக் கண்டு பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாரி மழை விட்ட கையோடு வந்து இறங்கும் அந்த உயரமான வெள்ளைக்காரப் பெண்மணியை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கரைவலை இழுக்கிறவர்களோடு போய்க் கயிற்றைப் பிடித்தவர். பிடித்தாரே தவிர இழுத்தாரா என்பது இன்றைக்கும் சந்தேகம்தான். ஆனால் அவர் தன் நாட்டில் யார் என்று உங்களில் அதிகம் பேருக்குத் தெரிந்திருக்காது. அவரும் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் அல்ல.

போலந்தின் மேற்கு எல்லையில், ஓடர் நதிக்கரைச் சிற்றூர் ஒன்றில், புவியியல் படிப்பித்தவர் அவர். இளவயதில், அரசாங்கம் தடைசெய்த துண்டுப் பிரசுரங்களைக் கோதுமை மாப் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோனவர். பிறகு நகரசபை, பாராளுமன்றம், கடைசியில் ஐரோப்பிய நாடுகளுக்கெல்லாம் பொதுவான பாராளுமன்றம். தன் நாடு ஐரோப்பாவோடு சேரவேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சேர்ந்த பிறகு, சேர்ந்தே இருக்கவேண்டும் என்று அதைவிடக் கூடுதலாகப் பேசவேண்டியிருந்ததாம். எதிராளிகள் அவரை ‘அந்நியத்தி’ என்று நக்கலடித்தார்கள். “எங்கள் வீட்டுச் சேவலைவிட நான்தான் இந்த ஊரில் நெடுநாள் இருக்கிறேன்” என்று பதில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

எங்கள் தேர்தல் ஒன்றைக் கண்காணிக்க வந்த குழுவில்தான் அவரை முதலில் கண்டேன். பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்கும் எனக்கு, அவருக்கு மொழிபெயர்க்கிற வேலை கிடைத்தது. மூதூருக்கு லாஞ்சிப் படகில் போனோம். துறைமுகத்தின் மேல் வெயிலும் பனிப்புகாரும் கலந்து கிடந்தன. பழைய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் சீனன்குடாப் பக்கத்துக் காடுகள் தண்ணீரைத் தொடாமல் மிதப்பதுபோல் தெரிந்தன. அந்த மிதப்புக்குள் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

“எங்கள் ஊர் ஆற்றுக்கு அக்கரையில் வேறு நாடு, ஸ்டெல்லா. சின்ன வயதில் அக்கரை வீடுகளில் அடுப்புப் புகைவது தெரியும். யார் சமைக்கிறார்கள் என்று தெரியாது. பாலத்தில் துவக்கோடு ஆள் நிற்பார். இப்போது காலையில் அந்தப் பாலத்தால் நடந்துபோய் அக்கரைக் கடையில் பாண் வாங்கிக்கொண்டு வருகிறேன். அந்த நடை நின்றுபோகக் கூடாது என்பதற்காகத்தான் அரசியல் செய்கிறேன். வேறு பெரிய கொள்கை எதுவும் என்னிடம் இல்லை.”

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். இதே குடாவைக் கடப்பதற்கு அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற நாட்களை நான் நினைத்துக்கொண்டேன். லாஞ்சி போய்க்கொண்டே இருந்தது. கரை வரவே இல்லை போலிருந்தது. அவர் அப்படிச் சொன்னாரா, இல்லை நானும் கண்ணயர்ந்து கனவு கண்டேனா என்று சில வேளை எனக்கே சந்தேகம் வரும்.

மூதூரில் ஒரு பெரியவர், வோட்டுக் கேட்டு வந்த எல்லாரையும் ஒரு பிடி பிடித்தார். “இவனுகளுக்கு வாய் மட்டும்தான் இருக்கு, மகள்” என்று தொடங்கியவர் லேசில் நிறுத்தவில்லை. நான் அதை இரண்டு மரியாதையான வசனங்களாக்கி ஹலீனாவிடம் கொடுத்தேன். அவர் என்னையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்த மனிதர் இவ்வளவு நேரமும் கோபமாகப் பேசினார். உன் ஆங்கிலத்தில் அந்தக் கோபத்தைக் காணவில்லையே. எங்கே போயிற்று?” எனக்கு முகம் சிவந்துவிட்டது. “சீனியும் போடாதே, உப்பும் போடாதே. அவர் தந்ததை அப்படியே தா” என்றார்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும். உடனே அடுத்த கேள்விக்குத் தாவமாட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். அந்த அமைதி எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது. ஒருதரம் இருமிவிட்டு, வேட்டியைச் சரிசெய்துவிட்டு, மறுபடி வாயைத் திறப்பார்கள். உண்மையான கதை அப்போதுதான் வெளியே வரும். “முதல் பதில் விருந்தாளிக்கு. இரண்டாவது பதில்தான் வீட்டாளுக்கு” என்பார்.

அதன் பிறகு வருடாவருடம் எங்கள் வீட்டுக்கு வந்துபோனார். அம்மாவுக்கும் அவருக்கும் பொதுவில் ஒரு மொழியும் இல்லை. அதனால் இருவரும் தாராளமாகக் கதைத்தார்கள். அவர் கொண்டுவந்த உப்பில் ஊறிய வெள்ளரிக்காயை அம்மா கடித்துப் பார்த்துவிட்டு, “ஐயோ பாவம், இதுகளுக்கு உறைப்பெண்டாலே என்னெண்டு தெரியாது” என்று தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தார். ஹலீனா கண்ணீர் வடிய வடிய, “போதும், போதும்” என்று தமிழில் சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்தார். சாப்பிட்டதும் சாய்மனைக் கதிரையில் நித்திரை. கடற்காற்று அவருடைய நரைமயிரைத் தூக்கித் தூக்கிப் போடும். அம்மா பக்கத்தில் இருந்து ஈ விரட்டுவார்.

அந்தச் சிநேகம் ஒரே நாளில் முறிந்தது. அன்ரன் அப்போது ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தான். திடீரென்று ஐரோப்பாவுக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். யாரோ ஓர் ஏஜென்சிக்காரன், அரசியல்வாதி ஒருவர் மாநாட்டுக்கு அழைத்ததாக ஒரு கடிதம் தந்தால் விசா கிடைக்கும் என்று சொல்லியிருந்தான். சாப்பாட்டு மேசையில் வைத்து நான் ஹலீனாவிடம் கேட்டேன்.

“ஏன் போக விரும்புகிறான்?” என்றார்.

“வேலைக்கு” என்றேன். எங்களுக்கு அவன் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

அவர் அன்ரன் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, வழக்கம்போலக் காத்திருந்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டு எழும்பிப் போய் ஓட்டோவைத் துடைக்கத் தொடங்கினான். அன்றைக்கு மட்டும் அந்தக் காத்திருப்புப் பலிக்கவில்லை. ஹலீனா தமிழிலேயே, “ஏலாது” என்றார். “இல்லாத மாநாட்டுக்கு நான் எப்படி ஆள் கூப்பிடுவது? சட்டம் செய்கிற இடத்தில் இருந்துகொண்டு நானே பொய் எழுதினால், நாளைக்கு நான் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.”

அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “ஒரு கையெழுத்துத்தானே கேட்டது! சோறு போட்ட வீட்டுக்கு இதுவோ கைமாறு? சொல்லு பிள்ளை, அவவுக்குச் சொல்லு!” நான் தயங்கினேன். “அப்படியே சொல்” என்றார் ஹலீனா. சொன்னேன். அவர் கை கழுவி, அம்மாவுக்குத் தலை குனிந்து வணங்கிவிட்டு வெளியே நடந்தார். அதன் பிறகு வெகு காலம் அம்மா அவர் பெயரை எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் மனம் கசந்துதான் இருந்தேன்.

அன்ரன் எப்படியோ போய்விட்டான். வேறொரு நாட்டில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாகப் போலந்துக்குள். பல நாள் சத்தம் இல்லை. பிறகு தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. சதுப்புக்குள் கால் வீங்கிக் கிடந்தவனை அந்த ஊர் ஆட்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். “அக்கா, குளிருது” என்றான். வெட்கத்தை விட்டு ஹலீனாவை அழைத்தேன். அவர் பழைய கதை ஒன்றும் பேசவில்லை. “எந்த இடம்?” என்று மட்டும் கேட்டார். நாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் காடு வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு போனார். அவரது தேர்தல் நெருங்கியிருந்த நேரம் அது.

அடுத்த நாள் பின்னேரம் தொலைபேசி அடித்தது; அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். காட்டின் நடுவே அன்ரன், ஹலீனா, எல்லைக் காவல் அதிகாரி ஒருவர். பாதுகாப்புக் கேட்கிறான் என்று அந்த அதிகாரி எழுதினால், அவனை உள்ளே கொண்டுபோய் விசாரிப்பார்கள். வேறு நாட்டுக்குப் போகிற வழியில் வந்தவன் என்று எழுதினால், எல்லை வேலிக்கு அப்பால் திரும்பவும் அந்தச் சதுப்புக்குள் தள்ளிவிடுவார்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மொழிபெயர்க்க நான்தான்.

எதற்காக வந்தாய் என்று கேட்டார்கள். நான் தமிழில் கேட்டேன். “ஜெர்மனிக்குப் போகோணும் எண்டு சொல்லுங்கோ அக்கா. ஏஜென்சிக்காரன் அப்பிடித்தான் சொல்லச் சொன்னவன்.”

அம்மா என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். “மாத்திச் சொல்லடி! ஆருக்குத் தெரியப்போகுது?” ஒரு சொல்லை மாற்றினால் போதும். மறுமுனையில் ஹலீனாவின் குரல் மெதுவாக வந்தது. “ஸ்டெல்லா, அவன் சொன்னதை மட்டும் தா.” சொன்னேன். அதிகாரி பேனையை எடுத்திருக்கிறார். “நான் இன்னும் கேட்டு முடிக்கவில்லை” என்று ஹலீனா அவரைத் தடுத்ததாக அன்ரன் பிறகு சொன்னான்.

“திரும்பிப் போனால் உனக்கு என்ன நடக்கும்?”

“ஒண்டும் இல்லை” என்றான் தம்பி. அதையும் அப்படியே சொன்னேன்.

பிறகு யாருமே பேசவில்லை. தொலைபேசிக்குள் காற்றும் ஏதோ பறவையின் குரலும் மட்டும். நான் காணாத அந்தக் காடு, என் கண்ணுக்குள் சீனன்குடாக் காடாக மாறிக்கொண்டிருந்தது. மரங்களுக்கிடையில் பழைய எண்ணெய்த் தாங்கிகள் பனியில் நிற்பதுபோலவும், நடுவில் ஹலீனா மடியில் கை வைத்தபடி இருப்பதுபோலவும் தெரிந்தது. அப்போது அன்ரன் இருமினான்.

“அக்கா… காணாமல் போனாக்களின்ர தாய்மார் போராட்டம் இருந்த பந்தலுக்கு நான் ஆக்களை ஏத்தி இறக்கினனான் தானே. அதுக்குப் பிறகு என்னைக் கொண்டு போனவங்கள். ஆரெண்டு தெரியாது. முதுகில அடிச்சவங்கள். இனியும் அங்க ஓட்டோ ஓடினால், உன்ர அக்கா படிப்பிக்கிற பள்ளிக்கூடம் எங்களுக்குத் தெரியும் எண்டு சொன்னவங்கள். எனக்குப் பயம் அக்கா.”

வேலைக்கென்று போனான் என்றல்லவா நாங்கள் இருந்தோம்! அவன் என்னைக் காப்பாற்றப் போயிருக்கிறான். ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னேன். என்னைப் பற்றிய வசனத்தையும் நானே சொன்னேன். ‘எனக்குப் பயம்’ என்பதைச் சொல்லும்போது அது அவன் பயமா என் பயமா என்று எனக்கே தெரியவில்லை. ஹலீனா போலிஷ் மொழியில் சொன்னார். அதிகாரி எழுதினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்து அழுதார்.

தன் மேலங்கியைத் தம்பிக்குப் போர்த்திவிட்டு ஹலீனா நிற்பதாக அந்தக் காட்டில் யாரோ எடுத்த படத்தை எதிராளிகள் ஊரெல்லாம் ஒட்டினார்கள். அவர் வீட்டுக் கதவில் ‘துரோகி’ என்று எழுதினார்கள். அவர் தேர்தலில் தோற்றுப்போனார். அன்ரனுக்கு விசாரணை முடிந்து இருக்க அனுமதி கிடைத்தது. ஹலீனாவின் ஊரிலேயே பேருந்து திருத்துகிற இடத்தில் வேலை.

இந்த வருடம் மழை விட்டதும் அவர் கடைசியாக வந்தார். நோய் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் அம்மாவுக்கு அது வராது. மீனில் முள் எடுத்து எடுத்து ஹலீனாவின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துக்கொண்டே இருந்தார். பின்னேரம் நிலாவெளிக் கடற்கரையில், “என் தம்பியால்தானே தோற்றீர்கள்?” என்று கேட்டேன்.

“தோற்றது வலிக்கிறது, ஸ்டெல்லா. பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த வேலையை நான் விரும்பினேன்.” அவர் கண் கலங்கிவிட்டது. “கதவில் எழுதியவனை எனக்குத் தெரியும். அவன் வீட்டுக்குப் போனேன். உனக்கு என்ன பயம் என்று கேட்டேன்.”

“சொன்னானா?”

“இல்லை. இன்னொரு தடவை போகவேண்டும்.”

போவதற்கு அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. அவர் ஐரோப்பாவைப் பற்றிப் பேசிய பெரிய பேச்சுகள் எனக்கு விளங்கியது கொஞ்சம்தான். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தக் காத்திருப்பு. வகுப்பில் ஒரு பிள்ளை, “ஒண்டுமில்லை ரீச்சர்” என்றால், இப்போதெல்லாம் நான் அடுத்த பிள்ளையிடம் போவதில்லை. அந்த மேசைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

அடக்கத்தன்று கல்லறையில் பேசும்படி ஹலீனாவின் வீட்டார் அன்ரனைக் கேட்டிருந்தார்கள். அவன் எங்களுக்கு அழைப்பெடுத்துத் தொலைபேசியைத் துண்டிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பேசினான். இங்கே கதிரையில் நானும் அம்மாவும். தம்பியின் குரல் நல்ல உரப்பாக, நிறுத்தி நிறுத்தி, போலிஷ் மொழியில் வந்துகொண்டிருந்தது.

“என்ன பிள்ளை சொல்லுறான்?”

“எனக்கு விளங்கேல்லை அம்மா. அவையின்ர பாஷை.”

அம்மா தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கிக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவன் முடிக்கும்வரை அசையவில்லை.

“விளங்காட்டி என்ன” என்றார். “பயமில்லாமக் கதைக்கிறான்.”