மூன்றாவது கொடி

சூப்புப் பானை சாய்ந்து என் இரண்டு முழங்காலும் வெந்துபோன அன்று, கமாண்டர் நிக்கல்சென் தம் படுக்கையை எனக்குக் கொடுத்துவிட்டார். நான் அந்த ஜெர்மன் நீர்மூழ்கியின் சமையல்காரன்; அதில் திரை போட்ட படுக்கை அது ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாம் ஒருவர் எழுந்த சூடு ஆறுமுன் இன்னொருவர் படுக்கிறவர்கள். மூன்று நாள் அவர் வரைபடப் பெட்டிமேல் உட்கார்ந்தே தூங்கினார். யாராவது கேட்டால், "அதுல படுத்தா எனக்கு முதுகு வலிக்குதுய்யா" என்று சொல்லிவிடுவார்.

ஹார்க் நிக்கல்சென் வடகடலில் உள்ள ஃபோர் தீவுக்காரர். சண்டைக்கு முன் சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்தவர். வயது முப்பத்தொன்றுதான். ஆனாலும் கமாண்டரைக் 'கிழவர்' என்று சொல்வதுதான் நீர்மூழ்கிக்காரர் வழக்கம், நாங்களும் அப்படியே சொன்னோம். ஓர் இடத்தில் நிற்க அவருக்குத் தெரியாது. முன்முனையிலிருந்து இயந்திர அறைவரை நடப்பார், என் பானை மூடியைத் திறந்து பார்ப்பார், ஒன்றும் சாப்பிடாமல் திரும்பிப் போவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று ஏப்ரலில் இரண்டு கப்பல்களை மூழ்கடித்தோம். அதற்குப் பிறகு அந்த நடை இன்னும் மோசமாயிற்று. தண்ணீரில் கிடந்தவர்களின் கூப்பாட்டை மேலே நின்று கேட்டவர் அவர். நான் கீழே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அவர்களுக்காகவும் ஜெபித்தேன், எங்களுக்காகவும் ஜெபித்தேன். இரண்டையும் ஒரே வாயால் எப்படிக் கேட்டேனோ, கர்த்தருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது ஒரு பெரிய கப்பல். பகலில், தண்ணீருக்கு அடியில் இருந்தபடியே டார்பிடோவை விட்டோம். கமாண்டர் கையில் கடிகாரத்தோடு நின்றார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில் ஒரு வெடிச்சத்தம். பையன்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அவர் மட்டும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காவல் கப்பல்கள் எங்கள் தலைக்குமேல் குண்டு போட்டதில் சாயங்காலம்வரை எழும்ப முடியவில்லை. எழும்பியபோது கடல் காலியாக இருந்தது. மூழ்கிவிட்டது என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள்.

மூழ்கடித்த கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டுதான் துறைமுகத்துக்குள் போவோம். அதில் கப்பலின் எடையைக் கறுப்பு மையில் எழுதியிருக்கும். தலையணை உறையை வெட்டித் தைப்பது என் வேலை. துணைக் கமாண்டர் வேடெகின்ட் வந்து, "மூணு தைச்சிரு. மூணும் சேந்தாதான் கிழவர் கழுத்துல பதக்கம் விழும். அது விழுந்தா கரையில பயிற்சிப் பள்ளியில வாத்தியார் வேலை, உயிர் தப்பும்" என்றார். அந்த வசந்தத்தில் வெளியே போன நீர்மூழ்கிப் படகுகளில் பல திரும்பாதது எங்களுக்குத் தெரியும்.

தைத்து வைத்தேன். கமாண்டர் வந்து மூன்றாவதை எடுத்தார், மடித்தார், பையில் போட்டார், மறுபடி எடுத்தார்.

"ஊருக்குப் போயிருந்தப்போ என் மக என்னை மாமான்னு கூப்பிட்டாய்யா," என்றார். "நாலு வயசு. அவ மேல தப்பில்ல."

"அப்ப கட்டிருங்க ஐயா," என்றேன். சொன்ன எனக்கே நெஞ்சு உறுத்தியது.

வேடெகின்ட் வந்து சேர்ந்துகொண்டார். "வெடிச்சதை நாப்பத்தஞ்சு பேரும் கேட்டோமே ஐயா!"

"சத்தத்தைத்தானே கேட்டீங்க? ரெண்டு நிமிஷத்துல பட்டிருக்கணும். அஞ்சரை நிமிஷத்துல வெடிச்சிருக்கு. ஓட்டம் முடிஞ்சு தானா வெடிச்சதுய்யா அது."

"மத்த கமாண்டருங்க எல்லாம் இதையும் கணக்குல சேத்துதானே எழுதறாங்க?"

"ஆமாமா. நாம எழுதினதைப் பாத்தா இங்கிலாந்துகிட்ட இப்ப ஒரு தோணிகூட இருக்கக் கூடாது. நேத்து குண்டு போட்டது யாரு, உன் மாமனாரா?"

இயந்திர அறையிலிருந்து ஸ்டுப்பே எட்டிப் பார்த்தான். "ஒரு முழத் துணிக்கு இவ்வளவு ரோசனையா? கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு ரோசிக்கல!"

"அதான் அவ ஓடிட்டா," என்றார் கமாண்டர். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கரை சேர இன்னும் இரண்டு நாள் இருந்தது; அந்த இரண்டு நாளும் நடந்துகொண்டேயிருந்தார்.

பிரான்சில் எங்கள் தளமான லோரியான் துறைமுகம் கண்ணில் பட்ட காலையில் அந்தத் துணியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "பானை துடைக்கத் துணி இல்லன்னு சொன்னியே, இந்தா." இரண்டு கொடியோடு உள்ளே போனோம். கரையில் வாத்தியம் முழங்கியது. எங்கள் ஆட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

பதக்கம் வரவில்லை. நான்கு வாரத்தில் மறுபடி கிளம்ப வேண்டும் என்று உத்தரவுதான் வந்தது. எனக்கு அதற்குள் மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள். என் இடத்தில் வேறு சமையல்காரன் போனான். ஜூன் முழுதும் படகிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. அந்தப் புதுச் சமையல்காரன் பெயரையும் சேர்த்து இன்றும் ஜெபத்தில் சொல்லிவருகிறேன்.

படகு கிளம்புகிற அன்று காலை கமாண்டர் என்னைப் பார்க்க வந்திருந்தார். கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "உக்காருங்க ஐயா, இல்லாட்டி வெளிய போய் நடங்க. நோயாளிக்குத் தலை சுத்துது," என்று நர்ஸ் அதட்டினாள். உட்கார்ந்தார், உடனே எழுந்தார்.

"அன்னைக்கு அந்தக் கொடியைக் கட்டியிருந்தா, இன்னைக்கு நீங்க போக வேண்டியதில்லயே ஐயா," என்று நான் மனம் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்.

அவர் கதவுவரை போய், வராந்தாவில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என் காதருகே குனிந்தார்.

"அந்தக் கப்பல் தப்பிச்சதுல எனக்கு சந்தோஷம்தான்யா. நான் சொன்னேன்னு எவன்கிட்டயும் சொல்லிராதே, சுட்டுருவானுங்க."