மாடியேறிய வெந்நீர்

இல்லை என்றால் இல்லை. எத்தனை தரம் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். என் மருமகள் பழைய சாமான்காரரோடு ஓடிப்போகவில்லை. எதிர்வீட்டுக்காரி தன் கண்ணாலேயே பார்த்தாளாம். அவளுக்கு எதிரே வரும் பஸ்ஸின் நம்பரே தெரியாது. சாலையைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொள்கிறவள். தெருக்கோடியில் போன தள்ளுவண்டியும் அதன் பக்கத்தில் ஒரு பெண்ணும் மட்டும் அந்தக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டதாக்கும்.

பழைய சாமான்காரருக்கு இரண்டு காதும் கேட்காது. விலை பேசுவதற்கே விரலைக் காட்ட வேண்டும். அவரிடம் ஒருத்தி மனசில் உள்ளதைச் சொல்வதென்றால் தெருவே அதிரக் கத்தியிருக்க வேண்டும்.

"நீ கேட்டியாடி? எந்த நேரத்துல கத்தினா?" என்று எதிர்வீட்டுக்காரியை நேராகவே கேட்டேன். அவள் துணியை உதறிக்கொண்டே, "எல்லாரும் பேசிக்கிறாங்கம்மா. நான் என்ன சொந்தமாவா சொன்னேன்?" என்றாள்.

"சொந்தமாச் சொல்லியிருந்தாகூடத் தேவலை. வாடகைக்கு வாங்கிப் பேசுறியே!"

கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திக்கொள்ளட்டும். நடந்ததை நடந்தபடி நான் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. எழுதுகிறவர்கள் அழகுக்காக எதையும் மாற்றாமல் எழுதினால் போதும்.

என் மருமகள் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்த்தாள். நோயாளிகளின் படுக்கை விரிப்புகளை மெஷினில் போட்டு எடுத்து, பிழிந்து, காயவைத்து, மடிக்கிற வேலை. வீடு திரும்பும்போது அவள் உள்ளங்கை வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருக்கும். அந்தக் கையை அலம்பக்கூட நிற்க மாட்டாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் பின்னால் போவாள். அங்கேதான் அவளுடைய கண்ணாடிக் குடில் இருந்தது.

குடில் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இடித்த வீடுகளின் ஜன்னல்களைப் பழைய சாமான்காரரிடம் வாங்கி, ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டிய கூண்டு. ஒரு கண்ணாடி பச்சை, ஒன்றில் பூ வேலை, இன்னொன்றில் யாரோ ஒரு குழந்தை ஒட்டிய நட்சத்திரம். உள்ளே தக்காளி நாற்று, குடைமிளகாய் நாற்று. குளிர் முடிந்து எல்லாரும் தோட்டத்தில் மண்ணைக் கிளறும் நேரத்தில், நன்றாக வளர்ந்த நாற்றாகக் கொடுத்தால் அத்தனையையும் எடுத்துக்கொள்வதாக விதைக்கடை அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் போன வருஷக் குளிரில் எல்லாம் கருகிவிட்டன. காலையில் போய்ப் பார்த்தால் கீரையைக் கொதிநீரில் போட்டு எடுத்த மாதிரி தட்டு தட்டாகப் படுத்துக் கிடந்தன.

என் மகன் வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனியும் அதே சமயத்தில்தான் மூடப்பட்டது. அதிலிருந்து அவன் வீட்டில் இருந்தான். வேலை இல்லாத ஆம்பிளை வீட்டில் இருப்பது எப்படி என்றால், நாற்காலி ஒவ்வொன்றும் அவனுக்கு இடைஞ்சல், அவன் ஒவ்வொரு நாற்காலிக்கும் இடைஞ்சல். மெயின் ரோட்டில் வாட்டர் சர்வீஸ் வைத்து வண்டி கழுவிக் கொடுக்கிறவர் எங்கள் பின்பக்க இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இடத்தை விட்டால், அங்கே போடுகிற இரண்டாவது கொட்டகைக்கு மகனையே மேஸ்திரியாக வைத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்.

"இந்தக் குளிர் ஒண்ணுதான்," என்றான் மகன். "இந்தத் தடவையும் செத்துதுன்னா கூண்டைப் பிரிச்சிடுவேன். அப்புறம் எதுவும் பேசக் கூடாது."

"சாகலைன்னா?" என்று கேட்டாள்.

"சாகலைன்னா நீயே வச்சுக்கோ."

நான் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் சொன்ன சொல் என் காதில் விழுந்தது, அவள் அதைப் பிடித்துக்கொண்டதும் என் கண்ணில் பட்டது. வெள்ளத்தில் போகிறவள் கிளையைப் பிடித்தது போலப் பிடித்துக்கொண்டாள்.

கரண்டு அடுப்பு வைத்துச் சூடேற்றக் கட்டுப்படியாகாது. கைபேசியில் தேடித் தேடி ஒரு வீடியோவைக் கண்டுபிடித்தாள். குல்லா போட்ட ஒருத்தன் வெயிலிலேயே தண்ணீரைச் சுடவைத்து, அந்தத் தண்ணீரால் தன் கண்ணாடிக் குடிலைக் கதகதப்பாக வைத்திருந்தான். அவன் பேசின பாஷை எங்கள் இருவருக்கும் புரியவில்லை. கையைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அவன் அறுத்தால் நிறுத்திப் பார்ப்பாள், முடுக்கினால் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். ஓரிடத்தில் அவன் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பேசுவான். அந்த இடம் வந்ததும் நானே சொல்வேன், "இவன் சும்மா வாயடிக்கிறான், தள்ளு." அவளும் தள்ளிவிடுவாள்.

கதவுப் பலகையை அறுத்துப் பெட்டி செய்தாள். உள்ளே தகரம் வைத்துக் கறுப்பு அடித்து, அதன்மேல் கறுப்பு டியூபைக் கொசுவர்த்திச் சுருள் போலச் சுற்றி, மேலே ஜன்னல் கண்ணாடியைப் பதித்தாள். பக்கத்து மாடி வீட்டின் நிழல் விழுவதால் எங்கள் பின்பக்கத்தில் குளிர்காலத்தில் வெயிலே கிடையாது. அதனால் பெட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றினாள். லாண்டரியில் சோப்பு வந்த காலி டிரம்களுக்கும் கறுப்பு அடித்துக் குடிலுக்குள் நிறுத்தி, அவற்றின்மேல் பலகை போட்டு நாற்றுத் தட்டுகளை வைத்தாள். கெட்டுப்போன வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய பம்ப், டிரம் தண்ணீரை மேலே தள்ளும். சுருளில் சுட்டு, இன்னொரு டியூப் வழியாகக் கீழே இறங்கும்.

முதல் நாள் மத்தியானம் டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். குழந்தையைக் குளிப்பாட்டலாம் போலிருந்தது. அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எப்போதும் அப்படிச் செய்கிறவள் இல்லை.

மறுநாள் காலையில் டிரம் பச்சைத் தண்ணீராகச் சில்லிட்டுக் கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். பகலெல்லாம் சுடும், விடிந்தால் ஜில்லென்றிருக்கும். கம்பளியைச் சுற்றிப் பார்த்தாள். அட்டைப்பெட்டியைக் கிழித்துச் சுவரெல்லாம் ஒட்டினாள். ஓரத்துத் தட்டுகளில் இலை மடங்கத் தொடங்கியது. எதிர்வீட்டுக்காரி, "வெந்நீர்க்காரி, எங்களுக்கும் ஒரு பக்கெட் குடேன்," என்று வாசலில் நின்று கேட்டாள். தெருவில் அதுவே அவள் பேராகிவிட்டது. வெந்நீர்க்காரி.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கோடு கோடாக இழுத்துக்கொண்டே, "எங்க போகுது அத்தை? ஒரு டிரம் சூடு எங்க போகும்?" என்பாள். மகன் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு எழுந்து போவான்.

ஒரு சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க ஏணியில் ஏறினவள் மேலேயிருந்து கத்தினாள்.

"அத்தை! பெட்டி சுடுது!"

"சுடட்டும், நல்லதுதானே!"

"வெயில் போய் எவ்வளவு நேரமாச்சு! கீழ இருக்க வேண்டியது மேல வந்து உக்காந்திருக்கு அத்தை!"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. குளிக்கத் தண்ணீர் காயவைக்கும்போது அண்டாவின் மேல் தண்ணீர்தானே முதலில் சுடும்? சுட்ட தண்ணீர் மேலேதான் போகும். பம்பை நிறுத்தினாலும் அது தானாக டியூப் வழியே மாடிக்கு ஏறி, கண்ணாடி வழியாகச் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்ததும் இறங்கிவந்திருக்கிறது. பகல் முழுதும் சம்பாதித்ததை விடிவதற்குள் தொலைத்துவிட்டு வந்து நிற்கும். அப்போதுதான் அந்தக் குல்லாக்காரன் கையைக் கட்டிக்கொண்டு எதைச் சொல்லியிருப்பான் என்று எங்களுக்கு உறைத்தது. நாங்கள் தள்ளிவிட்ட இடத்தில்தான் எல்லாமே இருந்திருக்கிறது.

வழியில் ஒரு வால்வு வைத்தாள். பொழுது சாய்ந்ததும் அதை மூடிவிட்டால் வெந்நீர் மேலே ஏற முடியாது. கீழே வைத்துப் பார்த்தபோது ஒழுகியது. மாடியில் பெட்டியின் வாயருகேதான் இறுக்கமாகப் பொருந்தியது. "இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும் அத்தை. லீவு கெடச்சதும் கீழ மாத்திடுறேன்," என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஓடிப்போய் டிரம்மைத் தொட்டாள். நானும் தொட்டேன். கதகதப்பு அப்படியே நின்றிருந்தது. கண்ணாடியில் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. நாற்றெல்லாம் தலையைத் தூக்கி நின்றன. விதைக்கடை அம்மா வந்து பார்த்து, "இதையா சாகும்னு சொன்னீங்க?" என்று என் மகனிடம் கேட்டார். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை. அன்றைக்கே வாட்டர் சர்வீஸ்காரர் இரண்டு தரம் போன் செய்தார். மகன் எழுந்து வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தான்.

அவனை வில்லன் என்று நான் சொல்ல வரவில்லை. என் வயிற்றில் பிறந்தவன். வாசலில் யாராவது "சார் என்ன பண்றாரு?" என்று கேட்டால் அவன் காது சிவந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கொட்டகை வந்தால் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு போக ஓரிடம் இருக்கும். அதற்காகத் தவித்தான். அவன் தவிப்பு நிஜம். அவள் தவிப்பும் நிஜம். இடமோ ஒன்றுதான் இருந்தது.

பிறகு அந்தக் கடுங்குளிர் வந்தது. ஊரெல்லாம் காய்ச்சல், ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது, லாண்டரியில் மலையாய் விரிப்பு. அவளை வீட்டுக்கு விடாமல் அடுத்த ஷிப்டும் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். வெயில் இறங்குகிற நேரத்தில் மகனுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்ததால் அவள் குரல் எனக்கும் கேட்டது.

"ஏங்க, வால்வை மட்டும் மூடிடுங்க. கைப்பிடியைக் குறுக்கால திருப்பினா போதும். இன்னைக்கு ரொம்பக் குளிருதுங்க. மறந்துடாதீங்க."

"சரி சரி," என்றான்.

இருட்டத் தொடங்கியது. அவன் அசையவில்லை. என் முழங்கால் ஏணிக்கு விடைகொடுத்து வெகுகாலமாகிவிட்டது. இல்லையென்றால் நானே ஏறியிருப்பேன். "டேய், ஏறி மூடுடா," என்றேன். போனான். ஏணி கிறீச்சிட்டது எனக்குக் கேட்டது. இறங்கி வந்தவனிடம், "மூடினியா?" என்று கேட்டேன்.

"மூடிட்டேம்மா. எத்தனை தடவை கேப்ப?"

காலையில் அவள் வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. செருப்பைக் கழற்றாமலே பின்பக்கம் போனாள். நான் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. தக்காளி கண்ணாடி போலாகித் துவண்டிருந்தது. குடைமிளகாய் கறுத்துத் தட்டோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு நாற்றைத் தொட்டாள். அது விரலோடு வந்தது. அவள் அழவில்லை. டிரம்மில் கையை வைத்தாள், எடுத்தாள். ஏணியில் ஏறினாள்.

மகன் வாசற்படியில் நின்று கீழிருந்தே பேசினான். "நான் மூடித்தான் வச்சேன். உன் மெஷின் அவ்வளவுதான். இந்தக் குளிருக்குத் தாங்கலை."

பிறகு இறங்கி வந்தாள். "கைப்பிடி நேரா இருக்குங்க," என்றாள். "நேத்து காலையில நான் தொறந்துவிட்ட மாதிரியே இருக்கு."

"காத்துல திரும்பியிருக்கும்."

அந்தக் கைப்பிடியைத் திருப்ப அவளுக்கே இரண்டு கையும் வேண்டும்.

அதே நேரத்தில் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வாட்டர் சர்வீஸ்காரர் வந்தார். கையில் அளவு டேப், கூடவே ஒரு கொத்தனார். அவர் ஒன்றும் அறியாதவர். "நேத்து சாயங்காலமே, காலையில வந்து அளந்துக்கோங்கன்னு அண்ணன் சொல்லிட்டாரு. தொந்தரவு இல்லையே அக்கா?" என்று அவளையே கேட்டார்.

நேற்றுச் சாயங்காலம் நாற்றெல்லாம் உயிரோடு இருந்தன.

அவள் என் மகனைப் பார்த்தாள். அந்த மாதிரி ஒரு பார்வையை நான் யாரிடமும் பார்த்ததில்லை. கெஞ்சுகிற பார்வை அது. "மறந்துட்டேன்னு சொல்லுங்க," என்றாள். "நான் நம்பிடுறேன். அதையாவது சொல்லுங்க."

டேப்பைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று கொத்தனார் கூப்பிட, அவன் அந்தப் பக்கம் போய்விட்டான். டேப்பின் ஒரு முனையைக் குனிந்து பிடித்துக்கொண்டான்.

அவள் உள்ளே வந்து முகம் கழுவினாள். லாண்டரிச் சட்டையைக் கழற்றி வேறு உடை மாற்றிக்கொண்டாள். ஒரு பையில் மாற்றுத் துணி வைத்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "நேத்து எங்கிட்டயும் மூடிட்டேன்னுதான் சொன்னான்," என்றேன். என் முழங்காலுக்குத் தடவுகிற தைலத்தை எடுத்து, கைக்கு எட்டும்படி என் பக்கத்தில் வைத்தாள்.

"செடி செத்ததுக்காகப் போகலை அத்தை," என்றாள். "வித போட்டா திரும்ப மொளைக்கும். உங்ககிட்டயும் மூடிட்டேன்னு சொல்லியிருக்காரே. பெத்த அம்மாகிட்ட. இனிமே இந்த வீட்டுல அவர் எதைச் செஞ்சேன்னு சொன்னாலும் நான் மாடியேறிப் பாக்கணும். அப்படி இருக்க என்னால முடியாது."

போகாதே என்று என்ன உரிமையோடு சொல்வேன்? "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அது ஒன்றுதான் கேட்க வந்தது. "லாண்டரியில டீ குடிச்சேன்," என்றாள்.

கதவைத் திறந்தாள். வாசலில் வாட்டர் சர்வீஸ்காரரின் பைக் குறுக்கே நின்றது. அவர் ஓடிவந்து நகர்த்தி வழிவிட்டார்.

"சாயங்காலம் இருப்பீங்களா அக்கா? கண்ணாடியெல்லாம் எங்க அடுக்கணும்னு உங்களைத்தான் கேக்கணும்."

"அவரையே கேளுங்க," என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கினாள்.