தீர்த்தம் பட்ட கோட்டு

எங்கள் அப்பாவிடம் ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டு இருந்தது. ஆவடி வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளை என்றால் கோட்டு போட வேண்டும், வேர்த்துக் கொட்ட வேண்டும். அப்பா தன் கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்ட அந்தக் கோட்டு, பிற்பாடு எங்கள் மாதா கோயில் பங்குக்கே பொதுவாகிவிட்டது. கோயிலில் எந்தப் பையனுக்குக் கல்யாண ஓலை வாசித்து அறிவித்தாலும், பூசை முடிந்ததும் அப்பா அவனை வாசலிலேயே மடக்கிவிடுவார்.

"கோட்டுக்கு இன்னாத்துக்குப்பா செலவு? நம்மூட்ல கீது."

குட்டையான மாப்பிள்ளைக்கு அதில் விரல் தெரியாது. நெட்டையானவனுக்கு மணிக்கட்டுக்கு மேலேயே கை நின்றுவிடும். எல்லாரிடமும் அப்பா "அளவெடுத்துத் தச்சா மாதிரி கீது" என்பார். ஃபாக்டரியில் அவர் சாதாரணத் தொழிலாளி. குவார்ட்டர்ஸ் வீடுகூட எங்களுடையது அல்ல. ஊருக்கு எடுத்துக் கொடுக்க அவரிடம் இருந்ததெல்லாம் அந்தக் கோட்டுதான். அதைக் கொடுக்கும்போது மட்டும் அவர் கொஞ்சம் உயரமாகத் தெரிவார்.

கோட்டைத் துவைக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஒவ்வொரு கல்யாணத்திலும் சாமியார் தெளித்த தீர்த்தம் அதில் ஊறியிருக்கிறதாம். சோப்பு பட்டால் ஆசீர்வாதம் சாக்கடையோடு போய்விடுமாம். தீர்த்தத்தோடு கூடவே ஊர் மாப்பிள்ளைகளின் வேர்வையும் பிரியாணி எண்ணெயும் ஊறியிருக்கிறதே என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். பலன், கோட்டு இருந்த டிரங்குப் பெட்டியை அவள் தொடவே கூடாது என்றாகிவிட்டது.

எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுக்கவிருந்த வருஷம், தவக்காலம் வந்தது. தவக்காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. கோட்டு பெட்டிக்குள் ஓய்வெடுத்தது. ஈஸ்டர் நெருங்க நெருங்க, வைக்கோல் நிறத்தில் பொடிப் பூச்சிகள் வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்தன. விளக்குப் பக்கம் வராமல் இருட்டு மூலையாகப் பார்த்து ஓடின. அப்பா பேப்பரைச் சுருட்டிக்கொண்டு துரத்தித் துரத்தி அடித்தார்.

"பறக்குறத அட்ச்சி இன்னா பிரயோஜனம்? திங்கிறது எங்கியோ உள்ள குந்திகினு கீது" என்றாள் அம்மா.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் சித்தப்பாவுக்குக் கல்யாணம். பெண் பூந்தமல்லி. சித்தப்பா அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டு எங்களோடுதான் இருந்தார். தம்பி தன் கோட்டைப் போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நிற்பதைப் பார்க்க, அவருக்கு மீசை முளைத்த நாளிலிருந்து அப்பா காத்திருந்தார். அதனால்தான் அம்மாவுக்குப் பயம். அப்பா டூட்டிக்குப் போனதும் சித்தப்பாவையும் என்னையும் துணைக்கு வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள்.

காலர் மடிப்பில் வெள்ளையாக நூலாம்படை மாதிரி கூடு. அதற்குள் நொய்யரிசி போலப் புழுக்கள். கோட்டை உதறியதும் கறுப்புப் பொடி கொட்டியது. காலரிலும் பாக்கெட் ஓரத்திலும் வானம் தெரிந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அழ நேரமில்லை என்று நினைத்தாளோ என்னவோ, கோட்டைக் கொல்லைக் கொடியில் வெயிலுக்குப் போட்டாள். பழைய பல் பிரஷ்ஷால் தையல் தையலாகத் தேய்த்தாள். போர்வைகளைக் கொதிநீரில் முக்கினாள். பட்டுப்புடவையை நிழலில் உதறிக் காயவைத்தாள். பெட்டி மூலைகளை ஈர்க்குச்சியால் கிளறி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பாச்சை உருண்டைகளை அள்ளிப் போட்டாள்.

கிழிசலைத் தைக்கக் கோட்டை உள்பக்கமாகத் திருப்பியபோதுதான் அது தெரிந்தது. அங்கே ஏற்கெனவே தையல்கள் இருந்தன. ஓர் இடத்தில் நீல நூல், ஓர் இடத்தில் பழுப்பு நூல். இன்னோர் இடத்தில் குடைத்துணி ஒட்டு. பூச்சி எங்கள் வீட்டில் பல வருஷமாகவே குடியிருந்திருக்கிறது.

"அண்ணி, வாங்கினு போனவங்கல்லாம் தச்சிக் குட்த்துகீறாங்க" என்றார் சித்தப்பா.

"ஒருத்தனாச்சும் வாயத் தொறந்து சொன்னானா பாரு." அம்மா அந்தக் குடைத்துணி ஒட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "வோணும்னா வாடகைக்கு ஒண்ணு எடுத்துக்க தம்பி. பொண்ணு ஊட்டுக்காரங்க பாப்பாங்க" என்றாள்.

"வோணாம் அண்ணி. இதையே தைங்க. அண்ணனுக்கு மட்டும் தெரிய வோணாம்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கோட்டைக் கரித்துக்கொட்டிய அம்மா, அதன் அடி மடிப்பிலிருந்தே நூல் உருவி, கண்ணில் நீர் வர வர உட்கார்ந்து தைத்தாள். சாயங்காலம் வந்த அப்பா மூக்கை உறிஞ்சினார். துவைக்கவில்லை, உருண்டைதான் போட்டேன் என்று அம்மா சொன்னதும், சரி என்று முகம் கழுவப் போய்விட்டார்.

கல்யாணத்தன்று கோயிலில் சாம்பிராணியைப் பாச்சை உருண்டை ஜெயித்தது. சித்தப்பா பெரிய மாலைக்குள் வேர்த்துக்கொண்டு நின்றார். பூசை முடிந்ததும் பழைய மாப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். "அண்ணே, இன்னும் புச்சாவே கீதுண்ணே" என்றார் ஒருவர். "நம்ம கல்யாணத்துல பாத்தா மாதிரியே கீது" என்றார் இன்னொருவர். அப்பாவுக்கு முகமெல்லாம் பல். ஃபோட்டோ எடுக்கப் போகும் நேரத்தில் மட்டும் அவர் அவசரமாக ஓடி வந்து, சித்தப்பாவின் மாலையை மேலே இழுத்து, காலரை மூடினாற்போல் சரிசெய்துவிட்டுத் தள்ளி நின்றார்.

பொய் சொன்னால் பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் அப்போதுதான் படித்திருந்தேன். இவர்களோ கோயில் வாசலிலேயே நின்று கூசாமல் பொய் சொல்கிறார்கள். மாதா சிலை வைத்த கெபிக்கு ஓடி, முட்டி போட்டு, கோட்டு வாங்கிய அத்தனை பேருக்காகவும், அம்மாவுக்காகவும், சித்தப்பாவுக்காகவும் மன்னிப்புக் கேட்டு வேண்டிக்கொண்டேன். அப்பாவுக்காக மட்டும் வேண்டவில்லை. அந்தக் கூட்டத்திலேயே பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.