சிவப்புப் பெட்டி

கிள்ளான் ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் காப்பிக்கடையில் என் எதிரே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், இங்கே ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா, அடுத்த வாரம் இலங்கையில் நடக்கவிருக்கும் அரசாங்க சபைத் தேர்தலை இன்றே நடத்திக்கொண்டிருக்கிறார். கப்பலில் வந்த பழைய பத்திரிகையின் ஓரத்தில் வடக்குக்கு இன்னார், கிழக்குக்கு இன்னார் என்று தொகுதிதோறும் பென்சிலால் உறுப்பினரை எழுதுகிறார். மலைநாட்டுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை, பென்சிலைக் கடிக்கிறார்.

"உங்களுக்கு அங்கே ஓட்டு உண்டா?" என்கிறேன்.

"எனக்கெங்கை? நான் இஞ்சையெல்லோ இருக்கிறன்."

"இங்கே?"

"இஞ்சை வெள்ளைக்காரத் துரைமாரே ஆளை நியமிச்சுப்போடுவினம். எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. ஊரிலை என்ரை மனிசிக்கு வோட்டு இருக்கு. அவவுக்கு அரசியல் என்ன தெரியும்? சிவப்புப் பெட்டியிலை போடச்சொல்லி மூண்டு கடிதம் எழுதிப்போட்டன்."

ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டியாம். அவருடைய ஆளுக்குச் சிவப்பு.

"இண்டைக்குத்தான் பதில் வந்தது. கேளுங்கோவன்," என்று சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, உறையைக் கிழித்து, கடை முழுவதும் கேட்கும்படி படிக்கிறார்.

"தங்கள் கடிதம் மூன்றும் கிடைத்தன. திரைக்குப் பின்னால் தனியாகப் போய்ப் போட வேண்டுமாம். போட்டதும் எழுதுகிறேன். எந்தப் பெட்டி என்று மட்டும் எழுதமாட்டேன். பிள்ளைகள் சுகம்."

கடைசி வரியில் குரல் எனக்கே கேட்கவில்லை. கிராணியார் காப்பியை ஒரு மிடறு குடிக்கிறார். பிறகு ரப்பரைத் தேடி எடுத்து, தன் சொந்தத் தொகுதியின் உறுப்பினரை மெதுவாக அழிக்கிறார்.