சைரஸ் அக்கா

உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பேசினாலும் அந்தத் தையல்கார அக்காவுக்கு ஒரு சொல் குழறாது. "இப்ப பாபிலோன் கோட்டைக் கதவு திறக்குது, பாருங்க" என்று தையல் இயந்திரத்தில் சாய்த்து வைத்த கைப்பேசியிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையை மூடிக் கிடக்கும் ஜன்னல் திரையின் ஓரத்தை மடிக்கிறார்.

இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ், இந்த இரண்டு அறை வீட்டில் கிட்டத்தட்ட ஒரு குடித்தனக்காரர். பிள்ளைகள் சண்டையிலும் தலையிடுவார்.

"தோத்துப்போன ராஜாவையே அவரு மன்னிச்சாராம். நீ உன் அண்ணனை மன்னிக்க மாட்டியா?"

"அந்த ராஜா அவரோட சார்ஜரைத் திருடலையேம்மா" என்பாள் மகள்.

எத்தனையோ மன்னர்களைப் பற்றி அக்கா காணொளி போட்டதுண்டு. சொந்தக்காரர்கள் மட்டும் மரியாதைக்குப் பார்த்தார்கள். சைரஸ் காணொளிதான் பறந்தது. துணிக்கடையில்கூட "சைரஸ் அக்கா வந்துட்டாங்க, நாற்காலி போடு" என்கிறார்கள்.

போன வாரம் அந்தக் காணொளியின் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, அடிமை முறையை ஒழிச்சேன்னு அவரு எங்க சொன்னாரு?"

காணொளியின் உச்சமே அந்த வரிதான். மன்னர் குரலிலேயே முழங்கியிருந்தார். கத்தரியை வைத்துவிட்டுத் தேடினார். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் கைகாட்டியது, அது வேறொன்றை. கடைசியில் மன்னர் தன் வெற்றியைப் பொறித்துவைத்த களிமண் உருளைக்கு அருங்காட்சியகம் தந்திருக்கும் மொழிபெயர்ப்பு கிடைத்தது. தெய்வங்கள் இருந்தன, மதில் இருந்தது, ஊர் திரும்பிய மக்கள் இருந்தார்கள். அந்த வரி இல்லை.

"விடு. சைரஸா வந்து கேட்கப் போறாரு?" என்றார் லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவர்.

"வந்து கேட்க முடியாதவரு வாயில இல்லாததைத் திணிக்கலாமாங்க?"

"கீழ ஒரு வரி திருத்தம் போடு, போதும். வீடியோவையே எடுத்துட்டா பேரும் போச்சு, கூட்டமும் போச்சு."

"கீழ யாரு படிக்கிறா? அந்த வரிக்குத்தானே கைதட்டினாங்க. எடுத்துட்டு, உள்ளதை மறுபடி சொல்றேன். பத்துப் பேரு கேட்டா போதும்."

"அந்தப் பத்தும் உன் தங்கச்சி வீட்டு ஆளுங்கதான்."

சிரித்துவிட்டார். ஆனாலும் கைப்பேசியை எடுத்தார். 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று அது கேட்டதும், கணவர் சட்டென்று கைப்பேசித் திரையை உள்ளங்கையால் மூடினார். அக்கா கோபப்படவில்லை. அந்தக் கையைத் தூக்கி, மேசையிலிருந்து தரையில் வழியவிருந்த ஜன்னல் துணியின் முனையை அதில் கொடுத்து, "அழுக்காகாமப் பிடிங்க" என்றார். தன் மறு கையின் கட்டைவிரலால் 'ஆம்' என்பதை அழுத்தினார்.