தொட்டிக்குள் நின்ற அரைமணி நேரம்

கணினியில் நான் வரைந்த கோடு, கன்னிவாடிப் பக்கத்துத் தென்னந்தோப்பின் மேல் சிவப்பாகவே நின்றது. ஒரு முனையில் ஊராட்சி அலுவலகம். மறுமுனையில் துணைச் சுகாதார நிலையம். கம்பியில்லாமல் இணையத்தைக் கடத்தும் இரண்டு தட்டுகளும் ஒன்றையொன்று தடையின்றிப் பார்க்க வேண்டும். ஓலை குறுக்கே வந்தால் சிக்னல் செத்துவிடும். இரு கட்டடங்களிலும் உயரமான கம்பம் நட்டால் போதும் என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒரு வாரம் பிடிக்கும். நடுவில் தென்னைகளைவிட உயரமாக நின்ற மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியை இடைத் தட்டுக்கான இடமாகக் குறித்தேன். கோடு பச்சையாகிவிட்டது.

தண்ணீர் ஏற்றும் ஆபரேட்டர் அண்ணன் சாவியைத் தரத் தயங்கினார். "வேணாம் தாயி. தொட்டிக்கு அடியில மலைத்தேனீ அம்புட்டுப் பெருசா கூடு கட்டிருக்கு. சத்தம் கேட்டா கெளம்பிரும்."

"செத்த நேரந்தாண்ணே. தட்டு மாட்ட நாலு ஓட்டை போட்டுட்டு எறங்கிருவேன்" என்றேன். என்னைத் தனியே விட மனமில்லாமல் அவரும் ஏறி வந்தார்.

இரண்டாவது துளை போடும்போது கீழிருந்து ஓர் இரைச்சல் எழுந்தது. மோட்டார் ஓடுகிறது என்றே நினைத்தேன். முதல் தேனீ கழுத்தில் கொட்டியதும் ஏணியை நோக்கி ஓடினேன். ஏணி கறுப்பாக மொய்த்துக் கிடந்தது. குதித்துவிடலாமா என்று கீழே பார்த்தேன். இதை எழுதும்போதும் உள்ளங்கால் கூசுகிறது. உண்மையாகவே குதித்திருப்பேன்.

அண்ணன் என்னைப் பிடித்திழுத்தார். தொட்டியின் இரும்பு மூடியைத் தூக்கி, "உள்ள எறங்கு!" என்று கத்தினார். உள் ஏணி வழியே இறங்கி, கும்மிருட்டில் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். பின்னாலேயே வந்தவரால் துருப்பிடித்த மூடியை முழுக்கச் சாத்த முடியவில்லை. இடைவெளியில் தன் சட்டையைத் திணித்துக் கையால் அழுத்திப் பிடித்தபடி ஏணியிலேயே நின்றார். ஒவ்வொரு கொட்டுக்கும் அவர் மூச்சை இழுப்பது சுவர்களில் மோதிக் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அரைமணி கழித்து, கீழிருந்து பார்த்தவர்கள் அழைத்த தீயணைப்புக்காரர்கள் வந்து எங்களை இறக்கினார்கள்.

மறுநாள் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில், கண்கள் வீங்கி மூடிக் கிடந்தவரிடம், "நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும்ணே" என்றேன். குரலை அறிந்துகொண்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "தொட்டியக் கழுவி விட்டாகளா தாயி? நாம நின்ன தண்ணிய சனம் குடிச்சிரக் கூடாது."

பிறகு கம்பங்களையே நட்டேன். இணைப்பு இன்றும் ஓடுகிறது. பராமரிப்புக்குப் போகும் சில நாட்களில், அவர் பாசி கழுவத் தொட்டியில் ஏறுவதைப் பார்ப்பேன். தேனீக்கள் மறுபடி கூடு கட்டியிருக்கின்றன. அவர் தரையில் கால் வைக்கும்வரை எனக்குக் கை ஓடுவதில்லை.